சுங்கை சிப்புட் வட்டாரமா, மாவட்டமா?

மலேசியாவில் பேராக் மாநிலத்திலுள்ள உங்கள் சுங்கை சிப்புட் கோயிலின் திருவிழா மலருக்கான அழைப்பில் "சுங்கை சிப்புட் வட்டார இந்துப் பெருமக்கள் அனைவரும் வருக" என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் ஆசிரியராக இருக்கும் உங்கள் உறவினர் அதைப் படித்துவிட்டு, வட்டாரம் என்பது அரசு வகுத்த நிர்வாக அலகு ஆயிற்றே, சுங்கை சிப்புட் அப்படி ஓர் அலகா என்று கேட்டாராம். கோயில் செயலாளரோ, "மாவட்டம் என்று மாற்றிவிடுங்கள், அதுதான் கௌரவமாக இருக்கிறது" என்றாராம். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தாலும், உங்களுக்கு உண்மையில் வேண்டியது சுங்கை சிப்புட் எதுவரை என்பதற்கான விடை என்றே எனக்குப் படுகிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியது சரி. உறவினர் சொன்னது அவர் ஊருக்குச் சரி, நம் ஊருக்குப் பொருந்தாது. செயலாளர் சொன்னது எந்த ஊருக்கும் சரியில்லை. நான் ஒரு நாளிதழில் பிழைதிருத்துபவனாகவும், பிறகு ரப்பர்த் தோட்டப்புறச் செய்திகளைத் தொகுப்பவனாகவும் நெடுங்காலம் இருந்தவன். தோட்டங்களிலிருந்து வரும் கடிதங்களில் பாதி "எங்கள் வட்டாரத்தில் தண்ணீர் வரவில்லை" என்றுதான் தொடங்கும். எந்த வட்டாரம் என்று மட்டும் எழுதியிருக்கமாட்டார்கள். உறையிலுள்ள அஞ்சல் முத்திரையைப் பார்த்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். எழுதியவருக்கு அது தெரிந்த இடம். அதற்குமேல் விளக்கம் தேவை என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. இந்தச் சொல்லின் குணமே அதுதான்.

உறவினர் பக்கத்து நியாயத்தை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லை அரசு அலுவலகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அங்கே 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்குள் வட்டம், பழைய தாலுகாதான் அது, வட்டாட்சியர் அதன் அதிகாரி. இன்னொரு வரிசையில் ஊராட்சி ஒன்றியம் இருக்கிறது; அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலர். பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர். ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். இத்தனை பெயர்ப்பலகைகளையும் தினமும் பார்ப்பவருக்கு, வட்டாரம் என்றதும் ஒரு முத்திரையும் ஒரு மேசையும் கண்ணில் படுவதில் வியப்பில்லை. ஆனால் அவரே "எங்கள் வட்டாரத்தில் இந்தச் சொல்லை இப்படிச் சொல்லமாட்டோம்" என்றும் பேசுவார். அப்போது அவர் எந்த அலுவலகத்தையும் நினைப்பதில்லை.

இலங்கையில் கதை வேறு. அங்கே வட்டாரம் என்பது உள்ளாட்சித் தேர்தலுக்காகப் பிரித்த மிகச் சிறிய துண்டு. யாழ்ப்பாணத்தை அடுத்த புங்குடுதீவுக்காரர் ஒருவரிடம் எந்த இடம் என்று கேட்டால், எத்தனையாம் வட்டாரம் என்று எண்ணோடு சொல்வார். 2018 பிப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் 60 விழுக்காட்டு உறுப்பினர்களை வட்டார அடிப்படையிலும் எஞ்சியோரை விகிதாசார அடிப்படையிலும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்து நாளிதழ்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வட்டாரம்தான். ஆக, பாக் நீரிணைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஓர் ஒன்றியம் அளவுக்கு இருக்கிற சொல், இலங்கைப் பக்கம் நாலைந்து தெருவுக்குச் சுருங்கிவிடுகிறது. மலாயாத் தோட்டங்களில் கிராணி (எழுத்தர்) வேலையிலும் ரயில்வேயிலும் யாழ்ப்பாணத்தார் நிறைய இருந்தார்கள். ஆனால் அந்தப் பொருள் இங்கே வேரூன்றவில்லை.

ஏன் வேரூன்றவில்லை என்பதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. நம் நாட்டில் 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் வந்தபோது அவை அறவே போயின. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. வாக்குக் கேட்டு வீடு வீடாக வர உள்ளாட்சி வேட்பாளர் இல்லை. அவருக்கென்று ஒரு சிறு எல்லையும் அதற்கு ஒரு தமிழ்ப் பெயரும் தேவைப்படவில்லை. மேலே உள்ள அலகுகளுக்கோ பெயர் ஏற்கெனவே ஒட்டிவிட்டது. மலாய்க்காரர் டாயேரா என்பதை நாம் மாவட்டம் என்கிறோம். அதற்குக் கீழே உள்ளதை முக்கிம் என்று அப்படியே வைத்துக்கொண்டோம். அதன் தலைவரைப் பெங்குலு என்கிறோம். நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள்: மாநிலம், மாவட்டம், பிறகு பட்டணமோ பெக்கான் என்ற சிறுபட்டணமோ முக்கிமோ, கடைசியில் லோட் எண். எங்கும் வட்டாரத்துக்குக் கட்டம் கிடையாது. மலேசியாவில் இந்தச் சொல்லை எந்த அலுவலகமும் கைப்பற்றவில்லை. ஆகவே அது மக்கள் கையிலேயே தங்கிவிட்டது. என்னைக் கேட்டால் இது நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு.

இது உறுதியான பகுதி. அடுத்ததும் உறுதியானதுதான், ஆனால் பலரும் தடுமாறும் இடம். சுங்கை சிப்புட் ஒரு மாவட்டம் அன்று. நிர்வாகப்படி அது பேராக் மாநிலத்தின் கோல கங்சார் மாவட்டத்துக்குள் அடங்குகிறது. நில அலுவலகமும் நகராண்மைக் கழகமும் கோல கங்சார் பெயரில்தான். ஆனால் நாடாளுமன்றத்தில் சுங்கை சிப்புட் தனித் தொகுதி. லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் அதனுள் இருக்கின்றன. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர்களாக இருந்த துன் சம்பந்தனும் அவருக்குப் பின் சாமிவேலுவும் நின்ற தொகுதி என்பதால், நாட்டில் எந்த மூலையிலுள்ள தமிழருக்கும் சுங்கை சிப்புட் என்ற பெயர் கோல கங்சாரைவிட முந்திக்கொண்டு நினைவுக்கு வரும். போதாததற்குப் போலீசுக்குத் தனிக் கணக்கு. சுங்கை சிப்புட்டுக்கென்று ஒரு மாவட்டப் போலீஸ் தலைமையகம் இருக்கிறது. எனவே "சுங்கை சிப்புட் மாவட்டப் போலீஸ் தலைவர் கூறினார்" என்று நாளிதழ் எழுதினால் அது சரியே. உங்கள் செயலாளர் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மாவட்டம் என்கிறார் என்று நினைக்கிறேன். போலீஸ் மாவட்டம் வேறு, நிர்வாக மாவட்டம் வேறு. அழைப்பிதழில் "சுங்கை சிப்புட் மாவட்டம்" என்று அச்சடித்தால், சிறைக்கூடத்துக்கு அழைப்பது போல் ஆகிவிடாது என்றாலும், இல்லாத மாவட்டத்துக்கு அழைத்ததாகிவிடும்.

நம் ஊரில் மட்டும் நடக்கும் கூத்து இல்லை இது. சிலாங்கூரில் பெட்டாலிங் ஒரே மாவட்டம். போலீஸ் கணக்கில் அதற்குள்ளேயே பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், சுபாங் ஜெயா என்று பிரிந்துகிடக்கிறது. கோலாலம்பூரிலும் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், டாங் வாங்கி என்றெல்லாம் போலீஸ் மாவட்டங்கள் உண்டு. காஜாங் உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் போலீசில் காஜாங் தனி மாவட்டம். பெர்லிஸ் மாநிலத்தில் மாவட்டமே இல்லை, நேரே முக்கிம்தான். கிளந்தானில் மற்ற மாநிலங்கள் மாவட்டம் என்பதை ஜஜாஹான் என்பார்கள். டாயேரா என்ற பெயர் அங்கே அதற்கும் கீழ்ப்படிக்குப் போய்விட்டது. ஆகையால் எந்தத் தாளில் மாவட்டம் என்று எழுதினாலும், எந்தத் துறையின் மாவட்டம் என்று ஒரு நொடி யோசித்துவிட்டு எழுதுங்கள். அரசுப் பாரத்தில் கேட்டிருந்தால் கோல கங்சார் என்று நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இனி வட்டாரத்துக்கு வருவோம். இதற்கும் வட்டத்துக்கும் உள்ள உறவு வெளிப்படையானது. பின்னால் வரும் "ஆரம்" எப்படி ஒட்டியது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. அந்த வழக்கில் நான் இறங்கப்போவதில்லை, நம் கேள்விக்கு அது தேவையும் இல்லை. தேவையானது இதுதான்: வட்டாரத்துக்கு நடு உண்டு, விளிம்பு கிடையாது. சுங்கை சிப்புட் வட்டாரம் என்றால் பட்டணத்துக் கடைத்தெரு, ரயில் நிலையம், தமிழ்ப்பள்ளி, சந்தை இவையெல்லாம் நடு. அங்கிருந்து போகப் போக எங்கோ ஓரிடத்தில் அந்தப் பெயர் தேய்ந்து, ஈப்போ வட்டாரமோ கோல கங்சார் வட்டாரமோ தொடங்கிவிடுகிறது. தேயும் இடத்தில் பலகை நடுவதற்கு ஆள் இல்லை.

அந்தத் தேய்வு எங்கே என்று அறிய நான் ஒரு வழி வைத்திருந்தேன். சம்பள நாளன்று அந்தத் தோட்டத்து லாரி எந்தப் பட்டணத்துக்குப் போகும் என்று பெரியவர்களிடம் கேட்பேன். மளிகைச் சாமான், துணி, அடகுக்கடை, படம் பார்ப்பது எல்லாம் எந்தப் பட்டணத்தில் நடந்ததோ, அந்தப் பட்டணத்தின் வட்டாரத்தைச் சேர்ந்தது அந்தத் தோட்டம். வரைபடத்தில் அது வேறொரு முக்கிமில் இருந்தாலும் சரி. இதற்கு ஆவணச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. பழகிப் பழகி வந்த கணிப்பு. ஆனால் இது பிசகி நான் பார்த்தது அரிது.

தோட்டத்துக்குள்ளே இந்தச் சொல்லுக்கு வேலை குறைவு. அங்கே எல்லாவற்றுக்கும் கச்சிதமான பெயர் இருந்தது. தோட்டத்தைப் பிரித்தால் டிவிஷன். வீடுகள் லயம். மரங்கள் நிரை. ஆள் கணக்கெடுக்கும் இடம் பெரட்டுக் களம். தோட்டத்துக்கு வெளியே சாலையில் எல்லாம் கட்டைக் கணக்கு: ஐந்தாங்கட்டை, எட்டாங்கட்டை. மைல்கல்லைச் சொல்லும் அந்தப் பெயர்கள், மைல் போய்க் கிலோமீட்டர் வந்த பிறகும் அப்படியே நிற்கின்றன. மலாய்க்காரரும் அதே கல்லை, கல் என்று பொருள்படும் "பத்து" என்ற மலாய்ச் சொல்லால்தான் சொல்வார்கள். எட்டாங்கட்டைக்காரருக்குத் தன்னை எட்டாங்கட்டை என்று சொல்லிக்கொள்ள முடிகிறபோது வட்டாரம் எதற்கு? வெளியூர்க்காரரிடம் பேசும்போதுதான் அது தேவைப்படும். கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் "எந்தப் பக்கம்?" என்று கேட்டால், "சுங்கை சிப்புட் வட்டாரம்" என்பார்கள். கேட்டவரும் அந்தப் பக்கத்தவர் என்று தெரிந்தால் அடுத்த வார்த்தை தோட்டத்தின் பெயர். அதுவும் தெரிந்தால் எந்த டிவிஷன் என்று இறங்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலும், பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், வீடமைப்புக்கு நிலம் போனபோதும், லயத்து மக்கள் பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புகளுக்கு, வந்துவிட்டார்கள். தோட்டம் இல்லை, ஆனால் தோட்டத்துக்காரர் இருக்கிறார். நாளிதழில் வரும் மரண அறிவிப்புகளைக் கவனியுங்கள். இப்போதைய முகவரி ஏதோ ஒரு தாமான். அதன் கீழே "முன்னாள் இன்ன தோட்டம்" என்று ஒரு வரி இருக்கும். இந்த மக்களையெல்லாம் ஒரே அழைப்பில் கூப்பிட வேண்டுமானால் தோட்டம் என்று எழுத முடியாது, தாமான் என்றால் பாதிப்பேர் விட்டுப்போவார்கள், மாவட்டம் என்றால் கோல கங்சார் முழுதும் உள்ளே வந்துவிடும். தொகுதி என்றால் தேர்தல் வாடை அடிக்கும். தவிர, தொகுதிக்குள் உள்காட்டு ஓராங் அஸ்லி பழங்குடியினரின் கிராமங்களும் அடக்கம், அவர்களை நீங்கள் காவடி எடுக்க அழைக்கவில்லை. வட்டாரம் ஒன்றுதான் உங்களுக்குப் பொருந்துகிற சொல்.

வரலாறு எழுதும்போதும் இந்தத் தளர்ச்சி உதவும். 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் பள்ளியில் படித்திருப்பீர்கள். "சுங்கை சிப்புட்டில் நடந்தது" என்று எழுதினால் பட்டணத்துக் கடைத்தெருவில் நடந்தது போலத் தோன்றும். நடந்தது வெளியே எல்பில் உள்ளிட்ட தோட்டங்களில். "சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்" என்று எழுதினால் பொய்யும் இல்லை, வாசகருக்கு இடமும் பிடிபடும்.

பகுதி என்று எழுதக்கூடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பகுத்ததால் அது பகுதி. அதற்கு ஒரு முழுமை வேண்டும், முடிந்தால் ஒரு கோடும் வேண்டும். "தாமானின் தாழ்வான பகுதியில் வெள்ளம்" என்று எழுதுவோம். அங்கே வட்டாரம் என்று போட்டால் சிரிப்பார்கள். வேலி போட்டு, துப்பாக்கி ஏந்திய ஆள் படத்தோடு கவாசான் லாராங்கான் என்று சிவப்புப் பலகை வைத்த இடம் தடைசெய்யப்பட்ட பகுதி. தடைசெய்யப்பட்ட வட்டாரம் என்று ஒன்று இருக்க முடியாது. மறுபுறம் "எங்கள் பகுதி மக்கள் நல்லவர்கள்" என்பதைவிட "எங்கள் வட்டாரத்து மக்கள் நல்லவர்கள்" என்பதில் பழக்கம் அதிகமாகத் தெரிகிறது. பேச்சில் ஏரியா, கவாசான் இரண்டும் இரண்டு வேலையையும் செய்துவிடும். எழுத்தில் பிரித்துக்கொள்வது நல்லது.

சுற்றுவட்டாரம் என்பது இன்னொன்று. அது நடுவை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை மட்டும் சொல்லும். அதனால்தான் "சுங்கை சிப்புட் மற்றும் சுற்றுவட்டார மக்கள்" என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். வெறுமனே "சுங்கை சிப்புட் வட்டாரம்" என்றால் பட்டணமும் உள்ளே வந்துவிடும். "சுங்கை சிப்புட் வட்டாரம் மற்றும் சுற்றுவட்டாரம்" என்று ஒரு சுவரொட்டியில் பார்த்தேன். அச்சகத்தாருக்கு மை மிச்சம் போலும்.

இதே சொல் மிகப் பெரிதாகவும் விரியும். மலேசிய, சிங்கப்பூர்ச் செய்திகளில் "வட்டார நாடுகள்" என்றால் ஆசியான் நாடுகள். தமிழ்நாட்டில் பிராந்தியம் என்று எழுதும் இடத்தில் நாம் வட்டாரம் என்கிறோம். எட்டாங்கட்டைக்காரர் தம் பக்கத்தைச் சொல்வதும், வெளியுறவு அமைச்சர் தென்கிழக்காசியாவைச் சொல்வதும் ஒரே சொல்லில் நடக்கிறது. பேசுபவர் எங்கே நிற்கிறாரோ அதைப் பொறுத்து வளையம் மாறுகிறது. பன்மையில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். "அரசு வட்டாரங்கள் தெரிவித்தன" என்பதில் இடம் எதுவும் இல்லை. பெயர் சொல்ல விரும்பாத ஆட்கள்தான் இருக்கிறார்கள். உங்கள் மலரில் "சுங்கை சிப்புட் வட்டாரங்களில் இருந்து" என்று ஒரு வரி இருப்பதைக் கண்டேன். அதை ஒருமையாக்கிவிடுங்கள்.

இவற்றில் நிர்வாகப் பிரிவுகளைப் பற்றிச் சொன்னவை வழக்குக்கு அப்பாற்பட்டவை. சொல்லின் ஒலிப்பு, பொருத்தம், நெருக்கம் பற்றிச் சொன்னவை பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோட்டப்புறத்தில் என் காதில் விழுந்த பேச்சை வைத்துச் சொன்னவை. ஜொகூரிலோ கெடாவிலோ வளர்ந்த ஒருவர் "எங்களிடம் அப்படியில்லை" என்றால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

அச்சுக்குப் போகும் முன் இரண்டு திருத்தங்கள். அழைப்பில் வட்டாரம் இருக்கட்டும். கோயில் முகவரியில் மட்டும் 31100 சுங்கை சிப்புட், பேராக் என்று போட்டுவிடுங்கள், மாவட்டம் வேண்டாம். இன்னொன்று சந்தி. "வட்டார மக்கள்", "வட்டார இளைஞர்கள்" என்பவற்றில் ஒற்று வராது. "வட்டாரப் பக்தர்கள்", "வட்டாரத் தோட்டங்கள்", "வட்டாரக் கோயில்கள்" என்று வல்லினம் வரும் இடங்களில் ஒற்று மிகும். நீங்கள் அனுப்பிய படியில் மூன்றாம் பக்கத்தில் "வட்டார கோயில்கள்" என்று இருக்கிறது. அங்கே ஒரு க் சேர்த்துவிடுங்கள்.